நாச்சிமுத்து கராத்தே கற்ற விதம்

எலும்பு வைத்தியசாலையின் வெளிப்பெஞ்சில் போய் உட்கார்ந்தால், யாராக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: எப்படிங்க ஆச்சு? கேட்கிறவருக்கும் எங்கேயாவது ஒரு கட்டு இருக்கும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் காலையில் சத்தி ரோட்டு வைத்தியசாலையில் அதைக் கேட்டவர் லாரி டிரைவர் செங்கோடன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். கேட்கப்பட்டவர் நாச்சிமுத்து, கோபியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். வலது மணிக்கட்டு சுரைக்காய் மாதிரி வீங்கி, துண்டில் கட்டிய தொட்டிலில் கிடந்தது.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கோகிலவாணி கேள்வி காதில் விழுந்ததுமே அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை இவர் சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

"கராத்தேங்க" என்றார் நாச்சிமுத்து.

கராத்தே வகுப்பில் சேர்ந்தது கோகிலவாணி. சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடக்கிற மெஷின் இருக்கிறது என்று பெயிண்ட் கடை மாடியில் இருக்கும் ஜிம்முக்குப் போனாள். மெஷினில் நடந்துகொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால், அவள் வயசுப் பொம்பளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாளே மெஷினை விட்டு இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டாள். நாச்சிமுத்து அந்த மாடி ஏறியதே இல்லை. கீழே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதோடு சரி. "உன்ற உருவத்துக்குக் கராத்தே ஒண்ணுதான் கொறைச்சல்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர். இப்போது ஆட்டோவில் வரும்போதுகூட, "இதோட அந்த வகுப்புக்கு முழுக்குப் போட்டுரு. கை சேர்ற வரைக்கும் என்னை யாரு பாக்கறது?" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

"இந்த வயசுல கராத்தேவா?" என்றாள் தோள்பட்டை இறங்கியிருந்த மயிலாத்தா. மொபெட்டின் பின்னாலிருந்து விழுந்தவள்.

"நானும் அதைத்தானுங்க சொன்னேன். மாஸ்டர் விடல" என்று நாச்சிமுத்து வசதியாகச் சாய்ந்துகொண்டார். "மொத நாளு, காலை அகட்டி நில்லுங்கன்னாரு. நின்னேன். அவ்வளவுதான், அப்புறம் என்னை நகத்த முடியல. மாஸ்டர் தள்ளிப் பாத்தாரு. வெயிட் தூக்கற பசங்க பூராப் பேரையும் கூட்டியாந்து தள்ளச் சொன்னாரு. ம்ஹூம். கீழ இருந்து பெயிண்ட் கடைக்காரர் ஓடி வர்றாரு, மாடி எறங்குது, யாரோ ஊனி நிக்கறாங்கன்னு."

"அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தீங்க?"

"நானா மனசு வெச்சு நகந்தனுங்க."

கோகிலவாணி மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி நின்றுவிட்டு வந்த அன்றைக்கு அவளால் படியேற முடியவில்லை. தொடை இரண்டும் தீயாக எரிந்தது. அதை இவரிடம் சொன்னாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

"ரெண்டாம் நாளு குத்தச் சொன்னாங்க" என்றார் நாச்சிமுத்து. "மேல இருந்து ஒரு மூட்டை தொங்குது பாருங்க, ஆளு ஒசரத்துக்கு. மெதுவாத்தான் தட்டினேன். சங்கிலி அந்து, சன்னலைப் பேத்துக்கிட்டு, ரோட்டுல போன சத்தி பஸ் மேல போய் விழுந்துருச்சு. பஸ்ஸு நிக்காம போயிருச்சு. கண்டக்டர் மேல ஏறிப் பாத்து அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாரு. பண்ணாரி வரைக்கும் போய்ட்டு மத்தியானம் அதே பஸ்ஸுல திரும்பி வந்துச்சு."

"நான் தினம் இந்த ரோட்டுல ஓட்டறவன். மூட்டை பறந்ததை ஒருத்தரும் சொல்லலையே" என்றார் செங்கோடன்.

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானுங்களே சொல்லுவாங்க. அவ்வளவு வேகம்."

செங்கோடன் மயிலாத்தாவைப் பார்த்தார். மயிலாத்தா கூரையைப் பார்த்தாள். தன்னை இன்னும் கூப்பிடவில்லையே என்று அலுத்துக்கொண்டிருந்த ஒரு கழுத்துப் பட்டைக்காரர், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கூட்டம் சேர்ந்ததும் நாச்சிமுத்துவுக்குக் கை வலியே மறந்துவிட்டது.

"அப்புறம் கத்தச் சொன்னாங்க. குத்தும்போது அடிவயித்துல இருந்து கத்தணும், அதான் முறை. நான் வேண்டாம்னேன். ஊருக்கு ஆகாதுன்னேன். கேக்கல. கத்தினேன் பாருங்க, எதுத்தாப்பல டீக்கடையில பால் திரிஞ்சு போச்சு. அது போகட்டும். அந்தப் பக்கம் அணையில மதகு பூராவும் தானா தெறந்துருச்சு. இந்த வருசம் வாய்க்கால்ல தண்ணி முன்னாடியே வந்துச்சில்லீங்களா? ஏன்னு நெனச்சீங்க?"

"அது ஒரு பெரிய ஆளோட வயல் காஞ்சுதுன்னு தெறந்து விட்டது" என்றாள் மயிலாத்தா.

"வெளிய அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

கோகிலவாணி தலையைத் தூக்கினாள். கத்துவது அவளுடையது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் தடவை கத்தச் சொன்னபோது தும்மல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு ஒரு நாள் எங்கிருந்தோ கிளம்பி வந்தது பாருங்கள், வகுப்பே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் இவரிடம் சொன்னாள். கேட்டு முடித்து இவர் சொன்ன ஒரே வார்த்தை, "சட்னி."

அப்படியானால் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்காதவர் என்றல்லவா இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர் என்ற கால்ல விழுந்துட்டாரு" என்று போய்க்கொண்டிருந்தது கதை. "வெள்ளை, மஞ்சள், பச்சைன்னு அத்தனை பெல்ட்டையும் ஒரே சாயங்காலத்துல எடுத்துக் கட்டினாரு. ஜப்பான்ல இருக்கற அவரோட குருவுக்குப் போன் போட்டாரு. அந்தக் கெழவனாரு என்னைப் போன்லயே ஒருக்கா கத்தச் சொன்னாரு. கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அவரு சம்சாரம் எடுத்து, வூட்டு மேல ஓடு இல்ல, அவருக்குத் தலையில மசுரு இல்ல, தயவு செஞ்சு வெச்சுருங்கன்னு சொல்லுச்சு."

"தமிழ்லயா?" என்றார் கழுத்துப் பட்டைக்காரர்.

"பயத்துல வந்துருச்சுங்க."

செங்கோடன் கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "எல்லாம் சரிங்க. உங்களை நகத்த ஆள் இல்ல. அடிக்க ஆள் இல்ல. ஜப்பான்காரனே போனை வெச்சுட்டான். அப்ப இந்தக் கையை ஒடிச்சது யாரு?"

பெஞ்சு முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது. நாச்சிமுத்து ஒரு நொடிதான் திணறினார்.

"அதானுங்க வெசனமே. எனக்குச் சமமா ஒரு எதிராளி கெடைக்கல. எத்தனை நாளைக்கு மூட்டையைக் குத்தறது? கடைசியில என்ற வலது கையையும் இடது கையையும் மோத விட்டுட்டேன். ராத்திரி ஆரம்பிச்ச சண்டை, விடியற வரைக்கும் நடந்துச்சு. இடது கை ஜெயிச்சுருச்சு."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

உள்ளே என்றால் ஒரு துணித் திரைக்கு அந்தப் பக்கம். எண்ணெயும் பச்சிலையும் மணத்தது. வைத்தியர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படி விழுந்தீங்க?" என்றார்.

"விழுகலீங்க" என்றார் நாச்சிமுத்து, திரைக்கு வெளியே கேட்கும்படி. "இடது கை புடிச்சு உள்பக்கமா முறுக்கிருச்சு."

வைத்தியருக்கு நம்பவும் நேரமில்லை, நம்பாமல் இருக்கவும் நேரமில்லை. "அப்ப வெளிப்பக்கம் திருப்பித்தான் இழுக்கணும். பல்லைக் கடிச்சுக்கங்க" என்று மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பினார். நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்த உதவியாள் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் நெனச்ச மாதிரி இல்லையே" என்றார் வைத்தியர். "பாருங்க, ஆன விதத்தைச் சரியாச் சொன்னா ஒரே இழுப்புல முடிஞ்சுரும். இல்லைன்னா நாலு பக்கமும் இழுத்துத்தான் பாக்கணும்."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். கோகிலவாணிக்கு அந்தப் பார்வை பழக்கம். எங்கேயாவது புளுகி மாட்டிக்கொண்டால் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பார். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டி மீட்டுக்கொண்டு வருவாள்.

"நீ சொல்லு புள்ள" என்றார் ரகசியமாக. "கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்குதுங்க" என்றாள் கோகிலவாணி.

"போ."

"அதுக்கப்புறமும் இருக்குதுங்க."

"எல்லாத்துக்கும் போ சாமி. கை போகுது எனக்கு."

அவள் வைத்தியர் பக்கம் திரும்பினாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தபோது குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நான் குளிக்கப் போயிருந்தப்ப என்ற கராத்தே உடுப்பை எடுத்துப் போட்டுக்கிட்டு, பீரோக் கண்ணாடி முன்னால நின்னு காலைத் தூக்கி ஒதைச்சாருங்க. அது என்ற அளவு. நாடாவை முடிச்சுப் போடல. பேண்ட் அவுந்து காலைச் சுத்திருச்சு. வலது கையை முன்னால ஊனி விழுந்துட்டாரு. நான் ஈரத்தலையோட வந்து பாக்கறப்ப அந்த நெலமையிலதான் கெடந்தாருங்க."

அது திரையைத் தாண்டி வெளிப்பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"முன்னால ஊனின கை" என்றார் வைத்தியர். "இதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்." ஒரே இழுப்பு. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்தது. பச்சிலை வைத்து, பத்தை கட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்.

கோகிலவாணி திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, நாச்சிமுத்து வெளியே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மரியாதையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்.

"வைத்தியருக்கே வேர்த்துப் போச்சுங்க. இப்படியொரு எலும்பை அவரு பரம்பரையிலயே பாத்ததில்லையாம். இதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பொட்டியில வெக்கணும்னு."

"சரிங்க" என்றார் செங்கோடன். "அந்த வேட்டியை நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்து உக்காருங்க."

நாச்சிமுத்துவின் நல்ல கை தானாக இடுப்புக்குப் போனது.