வானம்பாடி நடந்து வந்த வழி

அந்தக் காலத்தில், புல்லுக்கும் பறவைக்கும் பேச்சு இருந்தபோது, காங்கேயத்துப் பக்கத்து மேய்ச்சல் காடு ஒன்றில் வானம்பாடி இணை ஒன்று குடியிருந்தது. கிளுவை வேலிக்குள் கண் எட்டிய மட்டும் கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். செம்மறிகள் தலை தூக்காமல் மேய்ந்தன. கௌதாரி தன் குஞ்சுகளை ஓசையின்றி வேலியோரமாக நடத்திச் சென்றது. பேசத் தெரிந்திருந்தும், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத காடு அது.

ஆண் வானம்பாடி மட்டும் விதிவிலக்கு. விடிந்ததும் செங்குத்தாக மேலே ஏறி, ஒரு புள்ளியாகச் சிறுத்த பிறகும் பாடும். பாடிக்கொண்டே இறங்கி, கடைசி அடியைத் தன் கூட்டு வாசலில்தான் முடிக்கும். மாட்டின் குளம்பு பதிந்த சிறு பள்ளத்தில், புல் தூரின் மறைவில் இருந்தது அந்தக் கூடு.

அவ்வளவு இனிய பாட்டைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆள்காட்டிப் பறவை மட்டும் ஒரு நாள் கேலி செய்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க வூட்டுக்குப் போறதை ஊருக்கே தண்டோராப் போட்டாத்தான் ஆகுமுங்களா?"

வானம்பாடி சிரித்துவிட்டுப் போனது. மறுவாரம் கூட்டில் முட்டையோட்டுச் சில்லுகளே கிடந்தன. பக்கத்தில் நரியின் கால்தடம். பாட்டு எங்கே முடிகிறதோ அங்கே முட்டை இருக்கும் என்று நரி கண்டுகொண்டதை ஆள்காட்டியே வந்து சொன்னது. இம்முறை அது கேலி செய்யவில்லை.

அடுத்த மழைக்குப் பின், வேறொரு குளம்புப் பள்ளத்தில் பெண் பறவை மீண்டும் மூன்று முட்டைகள் இட்டது.

"உங்களைப் பாட வேண்டாங்கலீங்க," என்றது கணவனிடம். "ஆனா இந்த மூணும் எனக்கு வேணும்."

இரண்டுக்கும் வழி தெரியாமலேயே ஆண் பறவை மறுநாள் மேலே ஏறியது. உச்சியில் பாடிக்கொண்டிருந்தபோதுதான், வேலி நிழலில் காதை நிமிர்த்திப் படுத்திருந்த நரியைக் கண்டது. சிறகுகள் ஓய்ந்துகொண்டிருந்தன. நெடுநேரம் மேலே நிற்க முடியாது. வழக்கம்போல இறங்கினால் முட்டைகள் மிஞ்சாது.

வானம்பாடி பாட்டை ஆகாயத்திலேயே நிறுத்தியது. சிறகை மடக்கி, கூட்டுக்கு வெகு தொலைவில், வெள்வேல மரத்துக்கும் அப்பால், கல்லைப்போல விழுந்தது. நரி அங்கே பாய்ந்தது. அதற்குள் பறவை புல்லுக்கடியில் புகுந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று நரி புல்லிடம் கேட்டது. புல் பதில் சொல்லவில்லை. பறவை கடந்த வழியை ஒவ்வொரு தாளாக மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. நரி செம்மறிகளிடம் கேட்டது; அவை தலை தூக்கவில்லை. அந்தி வரை மோப்பம் பிடித்து அலைந்துவிட்டு, வேலியைத் தாண்டிப் போயிற்று.

அறியாத காலடி கேட்டுப் பெண் பறவை முட்டைகளின்மேல் சிறகை இறுக்கியது.

"யாருங்க அது?"

"நாந்தான்."

"நடந்தா வந்தீங்க? பாட்டு எங்கீங்க?"

"மேலயே வுட்டுட்டேன். வூட்டுக்கு நான் மட்டும் வந்தாப் போதுமுன்னு தோணுச்சு."

பெண் பறவை சற்றே நகர்ந்து இடம் கொடுத்தது. அடியில் மூன்று முட்டைகளும் கதகதப்பாக இருந்தன.

அன்று முதல்தான் வானம்பாடி தன் பாட்டை வானத்தோடு நிறுத்தி, தொலைவில் இறங்கி, வீட்டுக்கு நடந்து போகிறது; எந்த வழியாகப் போயிற்று என்று யார் கேட்டாலும் புல் இன்றுவரை வாய் திறந்ததில்லை.