கீரி வாங்கிய பட்டம் என்ன விலை?

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காட்டில் எதற்குக் கல்லூரி என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. அணில்கள் அங்கே மரமேறப் படித்தன. காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்டப் படித்தன. படித்து முடித்த மறுநாளே எல்லாருக்கும் வேலை கிடைத்தது. கோமளா என்ற கீரிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அவள் படித்தது வழக்கவியல். பிற கூட்டத்தாரோடு போய்த் தங்கி, அவர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் படிப்பு. மூன்று வருடம் உழைத்துப் பட்டமும் வாங்கிவிட்டாள்.

அவளுடைய அப்பா கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர்.

"அடுத்த வீட்டுக்காரன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று தெரிந்து, நீ எப்படிச் சாப்பிடப் போகிறாய்?" என்று தினமும் கேட்டார். கடைசியில் ஒருநாள், "அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் உன் படிப்பால் ஒரு வேளைச் சாப்பாடாவது வரவேண்டும். இல்லையென்றால் பன்றிகளோடு கிழங்கு தோண்டப் போய்விடு. சொல்லிவிட்டேன்" என்றார்.

கோமளா அழவில்லை.

"எனக்குத் தெரிந்தது யாருக்காவது தேவைப்படும் அப்பா. தேடிப் பார்க்கிறேன்" என்று கிளம்பினாள்.

யானையிடம் போனாள். மானிடம் போனாள். மயிலிடமும் போனாள். "இதை வைத்து என்ன செய்ய?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அமாவாசைக்கு இரண்டே நாள் இருந்தது.

அன்று தேன் வியாபாரி கரடியார் தரை அதிர மிதித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். மலைமேல் வாழும் முள்ளம்பன்றிகளிடம் பாறையுப்பு இருந்தது. தேனைக் கொடுத்து உப்பு வாங்கி மான்களுக்கு விற்கலாம் என்று மூன்று முறை போயிருந்தார். மூன்று முறையும் உப்பில்லாமல்தான் திரும்பினார்.

"திமிர் பிடித்த கூட்டம்" என்று வழியில் கண்ட கோமளாவிடம் பொரிந்து தள்ளினார். "தேனைக் கீழே வைத்ததும் அத்தனை பேரும் முதுகைக் காட்டுகிறார்கள். முள்ளால் குத்தத்தானே? தேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்."

"முள் நிமிர்ந்திருந்ததா, படுத்திருந்ததா?" என்று கேட்டாள் கோமளா.

"அதையெல்லாம் எவன் பார்த்தான்?"

"நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க அவர்களோடு இருந்தேன். முள்ளைப் படுக்கவைத்து முதுகைக் காட்டினால், அது மரியாதை. வந்தவர் வைக்கும் பொருளை உற்றுப் பார்த்தால் பேராசை என்று நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் திரும்பி உட்கார வேண்டும். உப்பை வைத்துவிட்டு அவர்களே கூப்பிடுவார்கள்."

"முள்ளம்பன்றிக்கு முதுகைக் காட்டுவதா? உனக்கென்ன பைத்தியமா?"

"நான் காட்டுகிறேன். நீங்கள் மரத்துக்குப் பின்னால் நில்லுங்கள். உப்பு வந்தால் பத்தில் ஒரு பங்கு எனக்கு. வராவிட்டால் எனக்கு எதுவும் வேண்டாம்."

கரடியாருக்கு இதில் என்ன நஷ்டம்? சரி என்றார்.

மறுநாள் காலை கோமளா தேனடைகளைப் பாறையில் வைத்தாள். முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். கலகலவென்று முட்கள் உரசும் சத்தம் பின்னால் நெருங்கி வந்தது. அவளுக்குப் பயம்தான். ஆனால் திரும்பவில்லை.

வெயில் ஏறியது. மரத்துக்குப் பின்னால் கரடியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"போதும், தேனை எடுத்துக்கொண்டு ஓடி வா" என்று கிசுகிசுத்தார்.

"அசையாமல் நில்லுங்கள்" என்றாள் கோமளா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு, "திரும்பலாம், தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. தேன் இருந்த இடத்தில் பத்து உப்புக் கட்டிகள் இருந்தன.

"சும்மா உட்கார்ந்ததற்கு ஒரு கட்டியா?" என்று முனகிக்கொண்டேதான் கரடியார் அவள் பங்கைக் கொடுத்தார். கோமளா அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள். அப்பா நக்கிப் பார்த்தார். உடனே பன்றிகளிடம் போய், "என் மகள் வரமாட்டாள்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கரடியார் சும்மா இருந்தாரா? 'உட்கார எனக்குத் தெரியாதா?' என்று அடுத்தமுறை தனியாகவே மலையேறினார். தேனை வைத்தார், திரும்பி உட்கார்ந்தார். முட்கள் உரசும் சத்தம் கேட்டதுதான் தாமதம், பயத்தில் திரும்பிப் பார்த்துவிட்டார். அப்போதுதான் முள்ளம்பன்றிகள் உப்பை இறக்கிக்கொண்டிருந்தன. அத்தனை முட்களும் சிலிர்த்து நிமிர்ந்தன.

சாயங்காலம் கோமளாவின் வளைக்கு வந்த கரடியாரால் உட்கார முடியவில்லை. பின்னால் ஆறு முள் தைத்திருந்தது.

"நாளைக்கு வருகிறாயா? அதே ஒரு பங்கு தருகிறேன்" என்றார்.

"இரண்டு பங்கு" என்றாள் கோமளா.

"அதற்குள் உன் படிப்புக்கு விலை ஏறிவிட்டதா?"

"ஏறவில்லை, கரடியாரே. உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது."

கரடியார் நின்றபடியே சரியென்று தலையை ஆட்டினார்.

நீதி: பிறரைப் புரிந்துகொள்ளும் கல்வியும் சோறு போடும், அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்கத் தயங்காதே.