யாரும் கேட்கக்கூடாது

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை என்ற நாட்டை விசயகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவனுக்கு அவ்வப்போது ஒரு பித்துப் பிடிக்கும். கொஞ்ச காலம் மல்யுத்தம், கொஞ்ச காலம் கிளி வளர்ப்பு. கடைசியாகப் பிடித்தது பக்திப் பித்து. கிளிகளாவது ஒருநாள் பறந்துபோயின; இது போவதாக இல்லை.

ஒரு சாமியோடு நிறுத்தினானா? விடியலில் லெப்பையை அழைத்துத் தொழுகை கற்றான். வெயில் ஏறியதும் சிவபூசை. உச்சி வேளையில் பாதிரியாரோடு முழங்காலில் நின்று செபமாலை உருட்டினான். பிற்பகலில் சமண முனிவர் எதிரே மௌனத் தியானம். சாயங்காலம் பெருமாள் முன் பஜனை. அந்தந்தச் சனங்கள் தங்கள் வேளைக்குக் கும்பிட்டுவிட்டு ஏர் பிடிக்கவும் வலை வீசவும் போனார்கள். இவன் எல்லாருடைய வேளையையும் தன் வேளையாக்கிக்கொண்டான். ராஜ்யத்தைப் பார்க்கத்தான் வேளை இல்லை.

இதில் உள்ளம் குளிர்ந்தவன் அரண்மனை அதிகாரி திருமலைராயன். கோட்டைக்கு வெளியே செவத்தையன் என்ற குடியானவனின் கத்தரித் தோட்டத்தின் மேல் அவனுக்குக் கண். தோட்டத்தைத் தரமாட்டேன் என்று சொன்ன பாவத்துக்கு, அரண்மனைப் புறாவைச் சுட்டுத் தின்றான் என்று பழி போட்டு, செவத்தையனைப் பாதாளச் சிறையில் தள்ளிவிட்டான். செவத்தையனின் பெண்சாதி காத்தாயி தினமும் அரண்மனை வாசலில் வந்து நின்றாள்.

"மகாராசா, எம் புருசன் உள்ள காய்ச்சலாக் கெடக்காரு. ஒருதடவ கூப்புட்டு வெசாரிங்க சாமி!"

ராஜா எப்போதும் ஏதாவதொரு பிரார்த்தனையில் இருந்தான்.

மந்திரி ஆதிமூலம் நல்ல மனிதர். நாக்குச் சாமர்த்தியம் உள்ளவர். அந்தச் சாமர்த்தியத்தின் மேல் அவருக்கே கொஞ்சம் மயக்கமும் உண்டு. ஒருநாள் பூசைக்கும் செபத்துக்கும் நடுவில் ராஜாவை மடக்கிப் பிடித்தார்.

"அரசே, வாசலில் ஒரு பெண் நீதி கேட்கிறாள்."

திருமலைராயன் முந்திக்கொண்டான். "பிரபு, தங்கள் தவத்தைக் கலைப்பதே இந்தக் கேட்கிற கூட்டம்தான். சாமியிடமும் கேட்கிறார்கள், தங்களிடமும் கேட்கிறார்கள். மந்திரியார் அவர்களுக்குத் தரகு வேலை பார்க்கிறார்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி நான் பிரார்த்தனையில் இருக்கும்போது என் நாட்டில் யாரும் எதையும் கேட்கக்கூடாது! இது என் ஆணை."

"யாருமா அரசே? அரண்மனை ஊழியர்களுமா?"

"மந்திரியாருக்குக் காது மந்தமோ?" என்று இளித்தான் திருமலைராயன்.

"எல்லாரும்தான்!" என்றான் ராஜா.

மந்திரி பணிவாகக் குனிந்தார், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அன்றே அரண்மனை ஆட்கள் எல்லாரையும் கூட்டினார். "நாளை முதல் ராஜாவே கத்தினாலும் உங்கள் காதில் விழக்கூடாது. அவர் நாள் முழுதும் பிரார்த்தனையில் இருப்பவர். யாரும் எதையும் கேட்கக்கூடாது என்பது அவர் ஆணை. மீறினால் வேலை போகும்" என்றார்.

மறுநாள் பூசையிலிருந்து எழுந்த ராஜா, "பால் கொண்டு வா!" என்றான். பணியாள் தூணைப் பார்த்தபடி நின்றான். "தண்ணீராவது கொடடா!" சமையற்காரன் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திருமலைராயன் பல்லக்கைக் கூப்பிட்டான். பல்லக்குத் தூக்கிகள் தண்டில் சாய்ந்து கொட்டாவி விட்டார்கள். "இவர்கள் தலையைச் சீவு!" என்று ராஜா அலறினான். தலைவெட்டும் சேவகன் அன்பாகச் சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டப் போனான்.

தொண்டை வறண்டு, சாயங்காலம் சபைக்கு ஓடிவந்த ராஜா மந்திரியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஆதிமூலம்! எல்லாருக்கும் செவிடு பிடித்துவிட்டதா?"

"தங்கள் ஆணை, அரசே. யாரும் கேட்கக்கூடாது. தாங்கள் பேசுவதை இப்போது நான் கேட்பதும் குற்றம்தான்."

"அடேய், நான் சொன்னது வாயால் கேட்பதை!"

"தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, அரசே! லெப்பை துஆ கேட்கிறார். பாதிரியார் மன்றாடிக் கேட்கிறார். முனிவர் எதையும் கேட்பதில்லை; ஆனால் அவர் மௌனத்தில் இருக்கும்போது பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாலும் அவருக்குக் கேட்கும். யார் பிரார்த்தனையிலும் கேட்கிற ஒருவர் உண்டு. தங்கள் பிரார்த்தனையில்தான் ஒருவரும் இல்லை. ஒரு பகல் தண்ணீர் கிடைக்காமல் தாங்கள் இப்படித் தவிக்கிறீர்கள். வாசலில் நிற்பவள் எத்தனை நாளாகத் தவிக்கிறாள்!"

ராஜாவின் முகம் கறுத்தது. பிறகு வெட்கத்தோடு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். நடந்ததை விசாரித்து, திருமலைராயனின் தலைப்பாகையைச் சபை நடுவே உருவச் சொன்னான். "அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள். அவள் புருசனை விடுவித்தோம்!" சபை ஆரவாரித்தது. மந்திரி மாலையைச் சரிசெய்துகொண்டார்.

காத்தாயி வந்தாள். அவள் அழவில்லை.

"விடவேணாம் மகாராசா. மத்தியானமே போயிட்டாரு."

ஆரவாரம் நின்றது.

"நேத்துவரைக்கும் காவக்காரரு பாவம் பாத்து ஒரு சொம்பு தண்ணி குடுத்துக்கிட்டிருந்தாரு. இன்னைக்கு விடிஞ்சதுலருந்து எம் புருசன் தண்ணி தண்ணின்னு கத்துனது வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு. காவக்காரரு கால்ல விழுந்தேன். அழுதுகிட்டே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எல்லாம் முடிஞ்சப்பறந்தான் வாயத் தெறந்தாரு. யாரு கத்துனாலும் கேக்கக்கூடாதுன்னு மந்திரியோட உத்தரவாம், மீறினா வேலை போயிருமாம்."

மந்திரி ஆட்களைக் கூட்டிய அன்று சிறைக் காவலர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அவர் அவர்களை நினைக்கவே இல்லை. மாலையைக் கழற்றக் கை போனது. கொக்கி கழன்று வரவில்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தான். "என்ன வேண்டுமானாலும் கேள், அம்மா. தருகிறேன்."

"பொணத்தக் குடுங்க" என்றாள் காத்தாயி. "அதுக்கும் உங்ககிட்டத்தான் கேக்கணுமாமே."