அடம்பு பெயர் பெற்ற நாள்

காற்றும் மரமும் கொடியும் ஆடுகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. தெற்கே கடல், வடக்கே பனங்காடு, நடுவில் முப்பது குடிசைகள் கொண்ட ஒரு மீனவர் ஊர். ஊருக்கும் கடலுக்கும் இடையே பனைமர உயரத்தில் ஒரு மணல்மேடு. அது ஓரிடத்தில் நிற்காது. ஆடி பிறந்து, தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கினால் மேடு ஊரை நோக்கி நகரும். இரண்டு முறை குடிசைகளை மூடிவிட்டது. இரண்டு முறையும் ஊர்த்தலைவன் சடையன் சனங்களைத் திரட்டிக்கொண்டு வடக்கே தள்ளிக் குடியேறினான்.

மூன்றாம் முறை மேடு ஊரின் ஒரே நன்னீர் ஊற்றுக்கு இருபது அடி தள்ளி வந்து நின்றது.

"கட்டுமரத்தைக் கிளப்புங்க, கிழக்கே போவோம்" என்றான் சடையன்.

அவன் மனைவி பவளம்மை ஆடு மேய்ப்பவள். "கிழக்கே குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

"தேடுவோம்."

"பிறந்து ஆறு நாள் ஆன பிள்ளை ஊர்ல கெடக்கு. நீங்க தேடுற வரைக்கும் அதைப் பெத்தவ எதைக் குடிப்பா? நான் இந்த ஊத்தை விட்டு வர மாட்டேன்."

சடையனுக்குக் கோபம் வந்தது. "மூணு நாள் தாரேன். முடிஞ்சா மேட்டை நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் நாள் பவளம்மை பெண்களைக் கூட்டி ஓலைவேலி கட்டினாள். சாயங்காலத்துக்குள் காற்று அதைப் பிய்த்துப் பனங்காட்டில் போட்டது.

இரண்டாம் நாள் புன்னை மரத்திடம் போய், மேட்டைத் தடுத்து நிற்க முடியுமா என்று கேட்டாள். "இடுப்பளவு மணல் என்றால் தாங்குவேன். தலைக்கு மேல் வந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன்" என்றது புன்னை.

அதன் தண்டைச் சுற்றியிருந்த பெயரில்லாத கொடி ஒன்று, "நான் வரட்டுமா?" என்றது.

புன்னை சிரித்தது. "என்னைப் பிடிக்காமல் உன்னால் எழுந்து நிற்கக்கூட முடியாதே."

"நிற்க முடியாது. மணல்மேல் படுத்துக்கொள்வேன்" என்றது கொடி. பிறகு மெல்லிய குரலில், "நிழலை விட்டு நான் வெளியே போனதே இல்லை, அம்மா. பயமாகத்தான் இருக்கிறது" என்றது.

"எனக்கும் பயம்தான். வா" என்றாள் பவளம்மை.

மூன்றாம் நாள் விடியும்போதே கொடியைச் சிக்கெடுத்து மேட்டின்மேல் பரப்பினாள். காற்று வந்தது. ஒரே வீச்சில் கொடியைச் சுருட்டி உருட்டிவிட்டது.

"நான் வேர்பிடிக்க ஒரு பகல் வேண்டும். அதுவரை யாராவது என்னை அழுத்திப் பிடியுங்கள்" என்று கதறியது கொடி.

பவளம்மை ஓடிப்போய்த் தன் நாற்பது ஆடுகளையும் ஓட்டி வந்தாள். மந்தையின் மூத்த ஆடு செவலை கொடியைப் பார்த்தது. "நேற்றிலிருந்து எங்களை நீ மேய்க்கவில்லை. இப்போது பச்சை இலையைக் காலடியில் போட்டு, தின்னாமல் நில் என்கிறாயா?"

"தின்னா ஊத்து போயிரும் செவலை. அப்புறம் உனக்கும் தண்ணி இல்லை, உன் குட்டிக்கும் இல்லை."

செவலை யோசித்தது. "நீயும் எங்களோடு பட்டினி நில். நிற்கிறோம்."

நாற்பது ஆடுகளும் கொடியை மிதித்து நின்றன. நடுவில் பவளம்மையும் நின்றாள். மணல் ஊசியாய்க் குத்தியது. ஒரு குட்டி இலைக்கு வாயை நீட்டியபோது செவலை அதை முட்டித் தள்ளியது. உச்சிவெயிலில் பவளம்மைக்கு முழங்கால்வரை மணல் ஏறிவிட்டது.

அவளை அழைத்துப்போக வந்த சடையன் அதைப் பார்த்தான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்தில் மணல் படாமல் கட்டிவிட்டு, கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தான். பின்னால் வந்த ஊர்க்காரர்களும் வரிசையாகப் படுத்தார்கள்.

பொழுது சாய்ந்தது. "போதும், எழுந்திருங்கள்" என்றது கொடி. எல்லோரும் விலகினார்கள். காற்று பாய்ந்து வந்து கொடியின் ஒரு முனையைப் பற்றி இழுத்தது. வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தது. கொடி அசையவில்லை.

"என்ன அடம் உனக்கு! விடு!" என்று கத்தியது காற்று.

"விட மாட்டேன்!"

காற்று மேலும் மேலும் மணலைக் கொட்டி அதைப் புதைத்தது. விடிந்ததும் ஊர் ஓடிப்போய்ப் பார்த்தது. புதைந்த ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுத் தளிர் மணலைக் கிழித்து எழுந்திருந்தது. மேடு முழுக்க ஊதாப் பூ. ஆடி முழுவதும் காற்று உறுமிற்று. மேடு ஒரு சாண்கூட நகரவில்லை. ஊற்றைச் சுற்றி நின்று சனங்கள் குலவையிட்டார்கள். காற்று திட்டிய சொல்லையே எடுத்து, 'அடம்பு' என்று கொடிக்குப் பெயர் வைத்தார்கள்.

ஆடுகள் அழுத்தி நின்ற அந்த ஒரு பகலில்தான் அடம்பின் வட்ட இலை குளம்புபோல் நுனி பிளந்தது. இன்றும் அடம்பு அப்படியே துளிர்த்து, கணுவுக்குக் கணு வேரூன்றி, கடற்கரை மணலைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.