பெரிய பட்டையும் புது ஷாக்கப்சரும்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு காலத்தில் முட்டை ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில், பின்சக்கரத்தின் பக்கம், இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தார்கள். வண்டியின் பாரமெல்லாம் அவற்றின் முதுகில்தான். எல்லாவற்றுக்கும் மேலே நீளமாகக் கிடந்தது பெரிய பட்டை. வீட்டுக்கு மூத்தது என்ற நினைப்பு அதற்குக் கொஞ்சம் கூடுதல்.

பட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஷாக்கப்சர் இருந்தது. உள்ளே எண்ணெய் வைத்த குழாய், அவ்வளவுதான். வயதாகி, எண்ணெய் கசிந்து, மேலெல்லாம் புழுதி அப்பி, சாய்ந்தபடி நிற்கும்.

"நாங்க இத்தனை பேரு மாங்கு மாங்குன்னு சுமக்கிறோம். ஐயா சாஞ்சு நின்னு வேடிக்கை பாக்குறாரு" என்று பெரிய பட்டை சொல்லும். சின்னப் பட்டைகள் கிறீச்சென்று சிரிக்கும்.

இப்படி இருக்கையில் முட்டைகள் உடைய ஆரம்பித்தன. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு குதியோடு நிற்பதில்லை. அடுத்த பள்ளம் வரைக்கும் குதித்துக்கொண்டே போனது.

"அண்ணே, எங்களை இங்கேயே இறக்கி விட்டுருங்க. நாங்க நடந்தே வந்துக்கறோம்" என்று முட்டைகள் அட்டைக்குள்ளிருந்து கெஞ்சின.

வண்டிக்காரர் நாச்சிமுத்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் கரு சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். "இந்தப் பட்டை தளர்ந்து போச்சு" என்று முடிவு கட்டி, கூட ஒரு பட்டையைச் சேர்த்துக் கட்டினார். புதிதாக வந்தது முறைப்பான ஆள். குனியவே மாட்டேன் என்றது. முன்பு குதித்த முட்டைகள் இப்போது பறந்தன.

நாச்சிமுத்துவுக்கு வெறுத்துவிட்டது. மனைவி தெய்வானையிடம் சொன்னார்: "நாளைக்குச் சந்தை லோடும் உடைஞ்சுதுன்னா, பட்டை மொத்தத்தையும் கழட்டிக் கொல்லுப் பட்டறையில போட்டுடறேன். நாலு அருவாளாவது கிடைக்கும்."

இது பெரிய பட்டையின் காதில் விழுந்தது. அதற்கு அரிவாளாக மாறப் பிடிக்கவில்லை. சுமந்தே பழகிய உடம்பு. வெட்டிப் பிழைக்க மனசு வரவில்லை. இரும்புக்குத் தெரிந்த மட்டும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டது.

தெய்வானை யோசித்துச் சொன்னாள்: "ஏனுங்க, பாரத்தை இறக்கின பிறகும் இந்தக் குதி குதிக்குதே. பட்டை மேல பழி போடறதுக்கு முன்னால சாதிக் பாய்கிட்ட ஒருக்கா காட்டுங்க."

மறுநாள் காலையில் மெக்கானிக் சாதிக் பாய் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் ஏறி நின்று, காலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கீழே குதித்தார். பிள்ளையைப் போட்டு ஆட்டிவிட்ட தூளி மாதிரி வண்டி தானாக ஆடிக்கொண்டே இருந்தது.

"பட்டை நல்லாத்தான் இருக்கு, நாச்சிமுத்து. துள்றது அதோட குணம். துள்ளினதைப் பிடிச்சு நிறுத்துற ஆளுதான் போயிட்டான்."

பழைய ஷாக்கப்சரைக் கழற்றிக் கையால் அமுக்கினார். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. கூடச் சேர்த்த முறைப்பான பட்டையையும் பிரித்தெடுத்து, இரண்டு பக்கமும் புது ஷாக்கப்சர் பூட்டினார். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தை லோடு கிளம்பியது.

பெரிய பட்டை புதியவனை ஏற இறங்கப் பார்த்தது. "எவ்வளவு பாரம் தூக்குவ?"

"ஒண்ணும் தூக்க மாட்டேனுங்ண்ணா."

"அப்புறம் எதுக்கு வந்த?"

புதியவன் பதில் சொல்வதற்குள் பள்ளம் வந்துவிட்டது. பெரிய பட்டை வழக்கம்போல் வளைந்து, வீம்போடு மேலே துள்ளியது. பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு துள்ளல், பாதித் துள்ளல், அடங்கிவிட்டது.

"என்னை அடக்கறியா?" பட்டைக்குக் கோபம் வந்தது.

"அடக்கலீங்ண்ணா. நீங்க துள்ளுங்க, உங்களுக்கு அதுதானே வேலை. மிச்சத்தை நான் வாங்கிக்கிறேன்."

"வாங்கி என்ன பண்ணுவ?"

"உள்ள இருக்கிற எண்ணெய் சூடாகும். போகப் போகக் காத்துல ஆறிடும்."

முட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "ஏய், ரோடு நல்லாயிடுச்சா?" என்றது ஒன்று. "அதே ரோடுதான், பேசாம உக்காரு" என்றது இன்னொன்று.

அதற்குப்பின் வழியெல்லாம் பள்ளம்தான். ஒவ்வொன்றிலும் பட்டை துள்ளியது, ஷாக்கப்சர் வாங்கிக்கொண்டது. பட்டை மெதுவாகக் கேட்டது:

"இதுக்கு முன்னால இங்க இருந்தாரே, அவரும் இப்படித்தான் வாங்கிக்கிட்டிருந்தாரா?"

"ஆமாங்ண்ணா. எண்ணெய் வத்தற வரைக்கும்."

சந்தையில் தார்ப்பாயைத் தூக்கினார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை. நாச்சிமுத்து குனிந்து பட்டையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல பட்டைதான்டா. உன்னையப் போயி கழட்டப் பார்த்தேனே."

'நான் இல்லைங்க, இவன்தான்' என்று பெரிய பட்டை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பெரிய மனசு ஒரே நாளில் வந்துவிடுமா?

ஆனால் மறுநாள் விடிந்து, நாச்சிமுத்து சாவியைத் திருகும் சத்தம் கேட்டதும், வண்டி நகரும் முன்னே, அது தன் பக்கத்தில் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டது:

"தம்பி, இருக்கியா?"