சிறந்த பல்வலி

பல் மருத்துவர் தவசிமுத்து ஆசிரமத்துக்குள் நுழைந்தபோது, குரு செண்பகவல்லி அம்மா இடது கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். தவசிமுத்து விழுந்து வணங்கி எழுந்தார். கையிலிருந்த போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

“வெள்ளிக்கிழமையோட கிளினிக்கை மூடிடலாம்னு இருக்கேன் அம்மா. யாருமே வர்றதில்ல.”

“அருப்புக்கோட்டையில எல்லாரும் ஒழுங்கா பல் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்களா?”

“கேலி பண்ணாதீங்கம்மா. இணையத்துல தேடினா என் கிளினிக் எட்டாம் பக்கத்துல கிடந்துச்சு. எட்டாம் பக்கம்னா சுடுகாட்டுக்கு அடுத்த வீடு மாதிரி. ஜனங்க தேடுற வார்த்தையையே கிளினிக்கோட இணையப் பக்கத்துல வரிக்கு வரி எழுதுங்கன்னு விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க. எழுதினேன். இப்ப முதல் பக்கம், முதல் ஆள். ஊரே வந்து வாசிக்குது. வாசிச்சுட்டு வேற டாக்டர்கிட்ட போகுது. எங்கே தப்புன்னு நீங்கதான் சொல்லணும்.”

“வாசிங்க டாக்டரே.”

தவசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிகம் பாடுகிறவரைப் போல வாசித்தார்.

“அருப்புக்கோட்டையில் பல்வலியா? அருப்புக்கோட்டையின் சிறந்த பல்வலி எங்களிடம். குறைந்த செலவில் பல்வலி. குழந்தைகளுக்கும் பல்வலி. இருபது ஆண்டுகளாக அருப்புக்கோட்டை மக்களுக்குப் பல்வலி.”

குரு சிரித்துவிட்டார். சிரித்ததும் கன்னத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்கிறவன் ‘பல்வலி’ன்னுதாம்மா தட்டுறான். ‘பல் மருத்துவர்’னு எவன் தட்டுறான்?”

“முன்ன என்ன எழுதியிருந்தீங்க?”

“‘பயப்படாம வாங்க, சொல்லிட்டுத்தான் ஊசி போடுவேன்.’ என் வீட்டம்மா இருந்தப்ப எழுதிக் கொடுத்தது.” அவர் குரல் இறங்கியது. “எடுத்துட்டேன். அதை யாரும் தேடுறதில்லையாம்.”

குரு தவசிமுத்துவின் முகத்துக்கு நேரே வாயை ‘ஆ’வென்று திறந்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கன்னத்தின் வீக்கம் தெரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிக் கை கழுவிவிட்டு வந்தார்.

“பயப்படாதீங்க. சொல்லிட்டுத்தான் தொடுவேன்,” என்று வாய் தானாகச் சொன்னது. “எந்தப் பக்கம்மா?”

குரு வாயை மூடினார்.

“நீங்க வந்ததுலேர்ந்து இந்தப் பக்கத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்கதான் முதல் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க.”