வானப் போர்வையைக் கடித்த பழுப்பன்

வானத்துக்கும் ஒரு போர்வை உண்டு, தெரியுமா உங்களுக்கு? கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுடுவெயில் நம் தோலைப் பொசுக்காமல் காப்பது அதுதான்.

வெகு காலத்துக்கு முன்னால், உலகத்தின் உச்சந்தலையில் பனிக்கோடு என்றொரு நாடு. நாலு மாதம் அங்கே சூரியனே வராது. இருட்டில் பிறந்த பிள்ளைகளை, சூரியன் திரும்பும் அன்று துணியில்லாமல் வெயிலில் தூக்கிக் காட்டுவார்கள். அது ஊர் வழக்கம்.

அந்த வருஷம் இருட்டு மாதத்தில், அடிவானத்துக்கு அப்பாலிருந்தே சூரியன் பொறியை வாரி இறைத்தது. வானத்தில் பச்சையும் சிவப்பும் ஆட, ஊரே மேளம் கொட்டியது. பொறியிலிருந்து பழுப்பன் என்ற புகைப்பூதம் பிறந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. உயரத்தில் வெயில் பட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பான். இருட்டாச்சே. இறங்கினான், இறங்கினான், போர்வை வரைக்கும் இறங்கி அதைக் கடிக்க ஆரம்பித்தான்.

பனிமான் மேய்க்கும் வஞ்சிக்கொடிக்கு அப்போது கைக்குழந்தை. சூரியன் வர இரண்டு நாள் இருக்க, அவள் மான் பேசியது. "அக்கா, போர்வையில் ஓட்டை. மூக்குத்தி அளவு. பழுப்பன் என்ற புகைப்பூதம் கடிக்கிறான்."

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். "பழுப்பா, விட்டுவிடு. என் பிள்ளை பொசுங்கிப்போவான்."

"கடிக்கக் கடிக்கப் பசி தீராது. நான் தேயவும் மாட்டேன். போ."

மறுநாள் ஓட்டை முறம் அளவு. பனியை அள்ளி வீசினாள். புகைக்குள் புகுந்து போனது. எதிர்க்கோடியில் பச்சையன் என்ற இன்னொரு பூதமும் கடித்துக்கொண்டிருந்தான். மான் காதில் சொன்னது: "இவன் கையை அவன் பிடித்தால் இரண்டு வாயும் கட்டிப்போகும். அதனால்தான் கிட்டவே போவதில்லை."

மூன்றாம் நாள் ஓட்டை தெப்பக்குளம் அளவு. கிழக்கு வெளுத்தது. கீழே தாய்மார்கள் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"பழுப்பா, உனக்குக் கை கொடுக்கவே தெம்பில்லையாமே. பச்சையன் சொன்னான்."

"அந்தப் பாசி மூஞ்சியா சொன்னான்?"

"பச்சையா, உன் பிடி வெண்ணெய்ப் பிடியாம். பழுப்பன் சிரிக்கிறான்."

"எங்கே, வரச்சொல் அவனை."

கோபத்தில் இரண்டும் பாய்ந்து கையைப் பிடித்தன. பிடித்த கை பிடித்தபடி, வாயும் கட்டிப்போய் நின்றன.

ஓட்டை? அது அப்படியே இருந்ததே. வஞ்சி இறங்கி ஓடினாள். "அவிழ்க்காதீங்க. போர்வையில ஓட்டை, வெயில் பொசுக்கும். போர்வையை நெய்யறதும் அதே வெயில்தான். ஏழு நாள் பொறுங்க."

"வழக்கத்தை மாற்றுவதா?" என்று கூட்டத்தில் நின்ற ராஜா அண்ணாந்து பார்த்தார். மூக்கு நுனி சுரீரென்றது. "பொத்துங்கள் பிள்ளைகளை" என்றார்.

எட்டாம் நாள் போர்வை மூடியிருந்தது. இருட்டில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் இளவெயிலில் கை காலை உதைத்துச் சிரித்தன.

"என்ன வேண்டும் கேள், தாயே. மான் மந்தையா? மாளிகையா?" என்றார் ராஜா.

வஞ்சி கொட்டாவி விட்டபடி தன் பிள்ளையை நீட்டினாள். "தூங்கி எந்திரிச்சுச் சொல்றேன் ராசா. அதுவரைக்கும் இவனைக் கொஞ்சம் வெச்சுக்குங்க."